காலி இடத்துக்கும் காசு

அண்ணன் பையன் ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினான். கோடு போட்ட நோட்டுத் தாள். மடித்து மடித்து முனையெல்லாம் கிழிந்திருந்தது. எத்தனை நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தானோ!

'சித்தப்பா, நீங்க பார்த்து ஓகே சொன்னாத்தான் அப்பா பணம் தருவாராம்.'

கேம்ஸ் விளையாடுவதற்கான கம்ப்யூட்டர். பட்ஜெட் எழுபத்தைந்தாயிரம் ரூபாய். என் அண்ணனுக்கு அது இரண்டு வருஷ தீபாவளி போனஸ். பையன் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் வாங்கித் தருகிறேன் என்று வாயை விட்டிருக்கிறார். அவனும் வாங்கித் தொலைத்துவிட்டான்.

சீட்டைப் பிரித்தேன். ப்ராசஸர்: பட்ஜெட்டில் பாதியை விழுங்கக்கூடிய ஒன்று. கேபினட்: மூன்று பக்கம் கண்ணாடி, ஆறு விசிறி, ஆறிலும் கலர் கலராக விளக்கு. மதர்போர்டு: இருப்பதிலேயே மலிவு. கிராபிக்ஸ் கார்டு: மீதிப் பணத்தில் கிடைப்பது. கடைசி வரியில் எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதி, பக்கத்தில் விலைக்குப் பதிலாக 'ஏதாவது' என்று போட்டிருந்தான்.

'என்னடா இது, ஏதாவது?'

'அது கரண்ட் கொடுக்கிற டப்பாதானே சித்தப்பா. இப்போதைக்கு இது போதும். பின்னாடி அப்கிரேட் பண்ணிக்கலாம்.'

பின்னாடி அப்கிரேட் பண்ணிக்கலாம். இதே வார்த்தையை, இதே நம்பிக்கையோடு, 2001-ல் நானும் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்கு பி.காம். முடிந்த கையோடு வேலை தேடுகிற படலம். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் வேலை நிச்சயம் என்று சொல்லி அப்பாவை பி.எஃப். லோன் போட வைத்தேன். உண்மைக் காரணம் கேம்ஸ் என்பது எனக்கும் என் நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். சென்னை மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பேர் போன இடம். பிறகு கம்ப்யூட்டர்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். அங்கே ஒரு கடையில், முப்பதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு மெஷினை அசெம்பிள் பண்ணி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மடியில் மானிட்டர், காலடியில் சி.பி.யூ.

ஆறு மாதம் சுகமாகப் போயிற்று. அப்புறம் ஒரு புது கேம் வந்தது. அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். அதற்கென்ன, வாங்கிச் செருகிவிடலாம் என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரிச்சி தெரு. கடைக்காரர் ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

'தம்பி, இதுல ஏ.ஜி.பி. ஸ்லாட்டே இல்லையே. போர்டையே மாத்தணும்.'

அந்தக் காலத்தில் கிராபிக்ஸ் கார்டு செருக ஏ.ஜி.பி. என்றொரு தனி ஸ்லாட் உண்டு. விலை குறைவான சில போர்டுகளில் அதை வைக்கவே மாட்டார்கள். நான் வாங்கியிருந்தது அந்த ரகம். பட்டியல் போட்டபோது இருப்பதிலேயே மலிவு என்று நானே எழுதிக்கொடுத்ததுதான். கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்: 'இன்னும் எவ்வளவு ஆகும்?'

என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் அந்த மெஷினில் சீட்டாட்டம்தான் ஆடினேன்.

சரி, பையனின் சீட்டுக்கு வருவோம். அதற்கு முன்னால் உங்களைக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் பின்னால் அழைத்துப் போகவேண்டும். காரணம் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு பாகத்தைக் கழற்றி, வேறொன்றைச் செருகலாம் என்பது இன்றைக்கு நமக்குச் சாதாரணமாக இருக்கிறது. டி.வி.யில் அப்படிச் செய்ய முடியுமா? மொபைலில் முடியுமா? கம்ப்யூட்டரில் மட்டும் எப்படி முடிகிறது? அந்தக் காலி ஸ்லாட்டுகளை உள்ளே யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள்?

1977-ல் ஆப்பிள் 2 வந்தது. ஆப்பிள் கம்பெனியில் இரண்டு ஸ்டீவ்கள். வடிவமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். விற்கத் தெரிந்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ். போர்டில் எத்தனை ஸ்லாட் வைப்பது என்று இருவருக்கும் தகராறு. பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டு போதும் என்றார் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் வாஸ்னியாக். எட்டும் வந்தது. அதில் செருகுவதற்கென்றே என்னென்னவோ கார்டுகள் முளைத்தன. ஆப்பிள் 2 குடும்பம் 1990-களின் ஆரம்பம் வரை விற்பனையில் இருந்தது.

ஜாப்ஸ் அந்தத் தகராறை மறந்தாரா? ஏழு வருடம் கழித்து, 1984-ல், அவர் கண்காணிப்பில் மெக்கின்டாஷ் வந்தது. அழகான பெட்டி. விலை 2,495 டாலர். உள்ளே எத்தனை ஸ்லாட் தெரியுமா? பூஜ்யம். மெமரி 128 கே.பி. மட்டும். ஸ்லாட்டில் செருகிக் கூட்டிக்கொள்ள வழியே கிடையாது. மூடியைத் திறக்கவே நீளமான தனி ரக ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அதே வருடம் செப்டம்பரில் 512 கே.பி. மாடல் வந்தபோது, ஜனவரியில் வாங்கியவர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு நினைத்துப் பார்க்கத் தேவையில்லை. தெரியும்.

இந்த இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் நம் கதாநாயகன். ஐ.பி.எம். பி.சி.

ஐ.பி.எம். அப்போது யானை மாதிரி. பெரிய பெரிய கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் அறை நிறைய மெஷின் செய்துகொடுத்து வாழ்ந்துகொண்டிருந்தது. சின்னப் பசங்கள் சின்ன கம்ப்யூட்டர் செய்து காசு பார்ப்பதைக் கண்டு அதற்கும் ஆசை வந்தது. ஆனால் யானை எழுந்து நடக்கவே நாலைந்து வருடம் ஆகும். 1980-ல் வில்லியம் லோ என்ற அதிகாரி மேலிடத்திடம் போய், ஒரே வருடத்தில் செய்து காட்டுகிறோம் என்றார். எப்படி? எல்லாவற்றையும் தானே செய்வது என்ற கம்பெனி வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் பாகங்களை வாங்கிப் பூட்டுவது.

ஃபுளோரிடா மாநிலத்தில் போகா ரேடன் என்ற ஊர். அங்கே டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்தது. ப்ராசஸர், இன்டெலிடமிருந்து. ஆபரேட்டிங் சிஸ்டம், மைக்ரோசாஃப்டிடமிருந்து. ஃப்ளாப்பி டிரைவ், டான்டன் என்ற கம்பெனியிடமிருந்து. பிரிண்டர், ஜப்பானின் எப்சனிடமிருந்து. புரிகிறதா? உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, நம் ரிச்சி தெரு பையன் மாதிரியே கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியது. பி.சி. என்பது பிறக்கும்போதே அசெம்பிள்டு மெஷின்தான்.

1981 ஆகஸ்ட் 12-ம் தேதி அறிமுகம். ஆரம்ப விலை 1,565 டாலர். அதற்கு என்ன கிடைத்தது என்றால், 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 8088 ப்ராசஸர், 16 கே.பி. மெமரி. ஃப்ளாப்பி டிரைவ்கூடக் கிடையாது. அது தனிக் காசு. ஆனால் போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள். அதோடு கணக்குப் போடும் 8087 சிப்புக்காகக் காலியாகவே விடப்பட்ட ஒரு சாக்கெட். இப்போது வாங்க முடியாதா? பரவாயில்லை, காசு சேர்ந்ததும் வந்து செருகிக்கொள் என்று அர்த்தம்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். போர்டின் சர்க்யூட் படம் முழுவதையும், உள்ளே இருந்த பயாஸ் என்ற ஆதாரப் புரோகிராமின் வரிகளையும் சேர்த்துப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இதற்கு கார்டு செய்து விற்றுக்கொள்ளலாம்.

விற்றார்கள். மூன்று நண்பர்கள் 1980-ல் ஏ.எஸ்.டி. என்றொரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். ஆல்பர்ட் வாங், சஃபி குரேஷி, தாமஸ் யூன். அவர்கள் பெயரின் முதல் எழுத்துதான் கம்பெனியின் பெயர். ஐந்து ஸ்லாட்டும் சீக்கிரம் நிரம்பிவிடுகிறதே என்று மக்கள் தவிப்பதைப் பார்த்தார்கள். மெமரி, கடிகாரம், பிரிண்டர் இணைப்பு என்று பலவற்றை ஒரே கார்டில் திணித்து 'சிக்ஸ்பேக் பிளஸ்' என்று விற்றார்கள். அடுத்தவன் போர்டில் இருந்த காலி இடத்தில் கடை விரித்துப் பெரிய கம்பெனியாக வளர்ந்தார்கள்.

ஆனால் ஐ.பி.எம். ஒரு இடத்தில் கோட்டைவிட்டது. எங்கே? பையன் 'ஏதாவது' என்று எழுதினானே, அங்கேதான்.

அந்த முதல் பி.சி.யின் பவர் சப்ளை வெறும் 63.5 வாட். ஐந்து ஸ்லாட் கொடுத்தாயிற்று, அதில் செருகுவதற்குத் தேவையான மின்சாரம் இல்லை. ஹார்ட் டிஸ்க் சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டவர்களுக்கு அது போதவில்லை. 1983 மார்ச்சில் வந்த அடுத்த மாடலான பி.சி. எக்ஸ்.டி.யில் ஐ.பி.எம்.மே தப்பைத் திருத்திக்கொண்டது. எட்டு ஸ்லாட், 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை 130 வாட். சரியாக இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலே. ஐ.பி.எம்.முக்கே இரண்டு வருடம் தேவைப்பட்ட பாடம் இது. என் அண்ணன் பையன் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?

எல்லாவற்றையும் திறந்து வைத்த வீட்டில் திருடன் வராமல் இருப்பானா? ஐ.பி.எம்.முக்குச் சொந்தமாக இருந்தது பயாஸ் ஒன்றுதான். அதை அப்படியே காப்பியடித்தால் கேஸ் போடலாம். அந்தத் தைரியத்தில்தான் அவர்கள் தூங்கினார்கள்.

1982-ல் ஹூஸ்டன் நகரில் காம்பேக் பிறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியிலிருந்து வெளியே வந்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் முர்ட்டோ என்று மூன்று பேர். இவர்கள் காப்பியடிக்கவில்லை. ஒரு கோஷ்டி ஐ.பி.எம். பயாஸைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்தப் புரோகிராமை வாழ்க்கையில் கண்ணால் பார்த்திராத இன்னொரு கோஷ்டி, அந்தக் குறிப்பை வைத்து முதலிலிருந்து சொந்தமாக எழுதியது. வேலை ஒன்று, வரிகள் வேறு. எந்த கோர்ட்டிலும் நிற்கும். 1983-ல் விற்பனைக்கு வந்த காம்பேக் போர்ட்டபிள், முதல் வருடத்திலேயே 53,000 மெஷின்கள், 111 மில்லியன் டாலர் என்று அள்ளிக் குவித்தது.

அடுத்த வருடமே ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். அணை உடைந்தது. யார் வேண்டுமானாலும் பி.சி. செய்யலாம். விலை இறங்கியது. நம்மூரில் ஒரு சிறிய கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து மெஷின் பூட்டிக் கொடுக்க முடிகிறதென்றால், அதன் வேர் ஹூஸ்டனில் இருக்கிறது.

ஐ.பி.எம். சும்மா இருக்குமா? 1987 ஏப்ரலில் பி.எஸ். 2 என்ற புது வரிசையை இறக்கியது. அதன் உயர்ரக மாடல்களில் ஸ்லாட்டையே மாற்றிவிட்டார்கள். மைக்ரோ சானல் என்று பெயர். நியாயமாகச் சொல்லவேண்டும், தொழில்நுட்ப ரீதியில் அது பழசைவிட உசத்திதான். வேகம் அதிகம், கார்டைச் செருகிவிட்டு ஜம்பர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் இரண்டு கண்டிஷன். மற்றவர்கள் இந்த ஸ்லாட்டைப் பயன்படுத்த ஐ.பி.எம்.முக்கு லைசென்ஸ் கட்டணம் கட்டவேண்டும். உங்களிடம் இருக்கும் பழைய கார்டு எதுவும் இதில் பொருந்தாது.

1988 செப்டம்பரில் ஒன்பது கம்பெனிகள் ஒன்று சேர்ந்தன. தலைமை காம்பேக். நம் ஏ.எஸ்.டி.யும் உண்டு. பத்திரிகைகள் 'ஒன்பது பேர் கும்பல்' என்று பெயர் வைத்தன. இவர்கள் அறிவித்த ஈசா என்ற ஸ்லாட்டில் புதிய கார்டும் பொருந்தும், பழைய கார்டும் பொருந்தும். ஈசா பெரிய ஆபீஸ் மெஷின்களைத் தாண்டி வீடுகளுக்கு வரவில்லை என்பது வேறு கதை. ஆனால் மக்கள் மைக்ரோ சானலைச் சீந்தவில்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கார்டைக் குப்பையில் போடச் சொன்னால் யார் கேட்பார்கள்? பி.சி.யைப் பெற்றெடுத்த ஐ.பி.எம்., அந்த வியாபாரத்தையே 2005-ல் சீனாவின் லெனோவோவிடம் விற்றுவிட்டு நடையைக் கட்டியது.

இத்தனை நேரம் ஆபீஸ் மெஷின் கதை சொன்னேன். கேம்ஸ் எங்கே என்று பையன் கேட்பது காதில் விழுகிறது. இதோ.

1993 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் என்ற சின்ன கம்பெனி 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. 386 ப்ராசஸர், 4 எம்.பி. மெமரி இருந்தால் ஓடும். 486 இருந்தால் சொகுசாக ஓடும். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் வாங்கிய மெஷினை, ஒரு விளையாட்டுக்காக அப்கிரேட் செய்யும் பழக்கம் அங்கே சூடு பிடித்தது. 1996-ல் அதே கம்பெனியின் 'குவேக்'. அதற்கு பென்டியமே மூச்சு வாங்கியது.

அந்த வருடம்தான் 3டி.எஃப்.எக்ஸ். என்ற கம்பெனியின் வூடூ சிப் வைத்த கார்டுகள் வந்தன. முப்பரிமாணப் படம் வரைவது மட்டும்தான் வூடூவின் வேலை. ஏற்கெனவே இருக்கும் கார்டைக் கழற்றவேண்டாம். பக்கத்து ஸ்லாட்டில் இதைச் செருகி, ஒரு கேபிளால் இரண்டையும் இணைத்தால் போதும். காலி ஸ்லாட் வைத்திருந்தவன் ராஜா. மெஷினை மாற்றாமல், ஒரே கார்டில், அதே கேம் வேறு உலகமாகத் தெரிந்தது.

வூடூ சிப்பை 3டி.எஃப்.எக்ஸ். செய்யும். கார்டை வேறு பல கம்பெனிகள் செய்து விற்கும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1998 டிசம்பரில் இவர்களுக்கும் ஐ.பி.எம். வியாதி பிடித்தது. எஸ்.டி.பி. என்ற கார்டு கம்பெனியை வாங்குவதாக அறிவித்தார்கள். இனி கார்டையும் நாங்களேதான் விற்போம். அதுவரை இவர்கள் சிப்பை வாங்கி விற்ற கம்பெனிகளெல்லாம் போட்டியாளர்களிடம், முக்கியமாக என்விடியாவிடம் போய்விட்டன. இரண்டே வருடம். 2000 டிசம்பரில் 3டி.எஃப்.எக்ஸ். தன் சொத்துகளை அதே என்விடியாவிடம் விற்பதாக அறிவித்தது. கதவைச் சாத்தியது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். புதுச் சரக்கு நேரத்துக்கு வரவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. ஆனால் முதலில் சாத்தியது அந்தக் கதவைத்தான்.

பட்ஜெட்காரர்களுக்குப் பிடித்தமான கதை ஒன்று பாக்கி இருக்கிறது. 1998 ஆகஸ்ட். இன்டெல் ஒரே சமயத்தில் இரண்டு ப்ராசஸர்களை இறக்கியது. பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். பணக்காரனுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று.

இந்த ஏழைச் சிப்பின் கணக்கு எளிமையானது. போர்டு கொடுக்கும் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கிக்கொள்ளும். 300 வரும். போர்டை 100-க்கு மாற்றினால்? நாலரை இன்டு நூறு. 450! இன்டெல் உத்தரவாதம் தராத வேலைதான். ஆனால் அந்தச் சிப்புகளில் ஏராளமானவை முணுமுணுக்காமல் 450-ல் ஓடின. 669 டாலர் சிப்புக்குப் பல கேம்களில் இணையாக நின்றன. யாருக்கு இது வாய்த்தது? 100 மெகாஹெர்ட்ஸ் கொடுக்கத் தெரிந்த நல்ல போர்டு வாங்கியவர்களுக்கு மட்டும். ப்ராசஸரில் மிச்சம் பிடித்து, போர்டில் செலவழித்தவர்கள் ஜெயித்தார்கள். பையனின் சீட்டு இதற்கு நேர்த் தலைகீழ்.

'அதெல்லாம் பழைய கதை சித்தப்பா' என்பான். புதுக் கதையும் இருக்கிறது. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. கம்பெனி ரைசன் ப்ராசஸரை வெளியிட்டது. அது உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஏ.எம்.4. அடுத்தடுத்த தலைமுறைச் சிப்புகளும் அதே சாக்கெட்டில் உட்கார்ந்தன. 2020 மே மாதம் ஏ.எம்.டி. ஒரு குண்டைப் போட்டது. அடுத்து வரும் சிப்புகள் 500 வரிசை போர்டுகளில்தான் ஓடும். பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு வெறும் 16 எம்.பி., எல்லாச் சிப்புகளின் விவரமும் அதில் அடங்காது என்று காரணம் சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் பின்னாடி அப்கிரேட் பண்ணிக்கலாம் என்று நம்பி 400 வரிசை போர்டு வாங்கியவர்கள் கொதித்து எழுந்தார்கள். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அதே மாதமே ஏ.எம்.டி. இறங்கி வந்தது. 2022-ல் இன்னும் ஒரு படி இறங்கி, முதன் முதலில் வந்த 300 வரிசை போர்டுகளுக்கும் வழி திறந்தது. 2017-ல் போர்டு வாங்கியவர், பயாஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, 2022 ஏப்ரலில் வெளிவந்த 5800எக்ஸ்3டி சிப்பை அதே சாக்கெட்டில் உட்கார வைக்க முடிந்தது. ஐந்து வருடம்! கேம்ஸ் உலகில் அது ஒரு யுகம்.

கவனியுங்கள். வாஸ்னியாக் பிடிவாதம் பிடிக்கவேண்டியிருந்தது. ஒன்பது கம்பெனிகள் கூட்டு சேரவேண்டியிருந்தது. வாங்கியவர்கள் கூச்சல் போடவேண்டியிருந்தது. காலி ஸ்லாட் எந்தக் காலத்திலும் தானாக வந்ததில்லை. இன்றைக்குப் பல லேப்டாப்களில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். கேட்பவன் இல்லையென்றால் ஸ்லாட் மறைந்துவிடும்.

இதெல்லாம் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்லாவிட்டால் நான் பி.காம். படித்ததற்கு அர்த்தமில்லை. காலி இடத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. நான் ஏங்கிய ஏ.ஜி.பி. ஸ்லாட், 2004-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்த பிறகு மெல்ல மெல்லச் செத்துப்போனது. டி.டி.ஆர்.4 ரேம், டி.டி.ஆர்.5 போர்டில் பொருந்தாது. அதனால் பத்து வருடத்துக்கு எல்லாவற்றையும் யோசித்து வாங்குவது என்பதும் வீண் செலவுதான். எது நிலைக்கும், எது மாறும் என்று பிரித்துப் பார்க்கவேண்டும். காமர்ஸில் இதற்குத் தேய்மானக் கணக்கு என்று பெயர். கட்டடத்துக்கு ஒரு விகிதம், கார் வண்டிக்கு ஒரு விகிதம்.

பையனிடம் பேனாவைக் கொடுத்தேன். 'ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் விலைக்குப் பக்கத்தில் எத்தனை வருஷம் உழைக்கும்னு எழுது.'

கேபினட். ஏ.டி.எக்ஸ். என்ற அளவை 1995-ல் நிர்ணயித்தார்கள். ஸ்க்ரூ துளைகள் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கின்றன. சாதாரண, காற்றோட்டமுள்ள பெட்டி போதும், பத்து வருடம் தாண்டும். கலர் விளக்கு வெளிச்சம் கொடுக்கும், வேகம் கொடுக்காது. அதை அடித்தான், மனசில்லாமல்.

எஸ்.எம்.பி.எஸ். கிராபிக்ஸ் கார்டுக்கு ஸ்லாட் வழியாக 75 வாட்தான் போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி கேபிள் வரவேண்டும். இன்றைக்குத் தேவையானதைவிட 150, 200 வாட் அதிகமாக, பேர் உள்ள கம்பெனி, நீண்ட வாரண்டி. இது செத்தால் தனியாகச் சாகாது, பக்கத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகும். 'ஏதாவது' என்பதை அடித்தான்.

மதர்போர்டு. ஏ.எம்.4 இன்றைக்கும் மலிவுதான். ஆனால் அது பாதையின் கடைசி ஸ்டாப். பட்ஜெட் முப்பது, நாற்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம், ஆனால் அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. இவனுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் இருக்கிறது, பின்னாடி மாற்றும் ஆசையும் இருக்கிறது. 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட் சரி.

ப்ராசஸர். ஆறு கோர் உள்ள நடுத்தர ரகம். நாளைக்கு மாற்றப்போவது இதைத்தான். இங்கே மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு. கேமில் படம் வரைவது அதுதான், மொத்தத்தில் பெரிய பங்கு அதற்குத்தான் போகவேண்டும். சீக்கிரம் தேய்வதும் அதுதான். தெரிந்தே செய்யும் செலவு.

ரேமில்தான் விழித்தான். 2025 கடைசியில் உலகம் முழுக்க மெமரி விலை தாறுமாறாக ஏறியது. ஏ.ஐ. கம்ப்யூட்டர்களுக்கு வாரிக்கொண்டு போனதுதான் காரணம். 32 ஜி.பி. எழுதி வைத்திருந்தவன், விலையைப் பார்த்து எச்சில் விழுங்கினான்.

'16 ஜி.பி., ஒரே ஸ்டிக். பக்கத்து ஸ்லாட்டைக் காலியா விடு.'

'ரெண்டு ஸ்டிக் போட்டாத்தான் வேகம் சித்தப்பா.'

'வாஸ்தவம். கொஞ்சம் வேகம் குறையும். விலை இறங்கினதும் இன்னொண்ணு வாங்கிச் செருகு. இறங்கும்வரைக்கும் காத்திருக்க உனக்கு இடம் இருக்கே, அதுக்குத்தான் இவ்வளவு நேரம் கதை சொன்னேன்.'

கூட்டிப் பார்த்தான். எழுபத்தைந்துக்குள் வந்துவிட்டது. பழைய சீட்டின் பின்பக்கத்திலேயே புதுப் பட்டியல். அடியில் அவனாகவே ஒரு கோடு போட்டு, 'பிறகு' என்று தலைப்பு வைத்து மூன்று வரி எழுதினான். ரேம்: அடுத்த வருடம். கிராபிக்ஸ் கார்டு: மூன்றாம் வருடம், பழசை விற்றுவிட்டு. ப்ராசஸர்: நான்காம் வருடம், அதே போர்டில். ஒவ்வொன்றுக்கும் எதிரே உத்தேசமாக ஒரு தொகை.

சாயங்காலம் அண்ணன் வந்தார். சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேலிருந்து கீழே படித்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பிள்ளை இல்லையா?

'இதுக்கு மேல இன்னும் எவ்வளவுடா ஆகும்?'

பையன் சீட்டின் கடைசி மூன்று வரிகளை விரலால் தொட்டுக் காட்டினான்.